கடைசி மணிக்குப் பிறகு



இந்தக் கருத்தரங்கை ஏற்பாடு செய்த கல்வியியல் துறையினருக்கும், கட்டுரைகளோடு வந்திருக்கும் ஆய்வாளர்களுக்கும், சனிக்கிழமைச் சிறப்பு வகுப்பைச் சக ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் என் வணக்கம். கடைசியாகச் சொன்னவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே. நாம் இரண்டு நாள் பேசப்போவதை அவர்கள் ஆண்டு முழுக்கச் செய்கிறார்கள், பெரும்பாலும் கூடுதல் ஊதியம் இல்லாமல்.

தேர்ச்சி குறைந்த பள்ளிகளில் பின்தங்கிய பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்துக்கு வெளியே கற்பிப்பது எப்படி என்பதே நமது பொருள். வரப்போகும் கட்டுரைகளை எல்லாம் தலைமை உரையிலேயே சுருக்கிச் சொல்லிவிடுவது வழக்கம். அதை நான் செய்யப்போவதில்லை. ஒரு கருத்தை மட்டும் முன்வைக்கிறேன். மறுப்பவர்கள் நாளை மாலைக்குள் மறுத்துவிடுங்கள். கூடுதல் நேரம், பாடத்திட்டத்தின் பிடியிலிருந்து தப்பினால்தான் பயன் தருகிறது. தப்பாவிட்டால் பகலில் புரியாததை மாலையிலும் புரியாமல் கேட்கும் நேரமாகவே அது முடிகிறது.

நம் ஊர்ச் சிறப்பு வகுப்பை எடுத்துக்கொள்வோம். மே மாதம் பத்தாம் வகுப்பு முடிவு வரும். தேர்ச்சி விழுக்காடு குறைந்த பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களை முதன்மைக் கல்வி அலுவலர் அழைத்துக் கேட்பார்: ஏன் குறைந்தது, இந்த ஆண்டு என்ன செய்யப்போகிறீர்கள்? பதில் எல்லாப் பள்ளிக்கும் ஒன்றுதான். மெல்லக் கற்போர் பட்டியல் எடுப்போம், காலையிலும் மாலையிலும் சிறப்பு வகுப்பு வைப்போம், வாரத் தேர்வு நடத்துவோம். காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு அந்த வகுப்பு சூடு பிடிக்கும். கையில் இருப்பது குறைந்தபட்சக் கற்றல் கையேடு. ஒரு மதிப்பெண் வினா, மனப்பாடச் செய்யுள், சமூக அறிவியலில் காலக்கோடும் வரைபடமும். கணக்கில் செய்முறை வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று. இரண்டுக்கும் எட்டு எட்டு, ஆக 16. தேர்ச்சிக்கு வேண்டியது 35. ஏறத்தாழ பாதி வழி, காம்பஸையும் அளவுகோலையும் பிடிக்கத் தெரிந்தாலே கடந்துவிடலாம். இந்தக் கணக்கைக் கண்டுபிடித்த ஆசிரியர் யாரோ, கெட்டிக்காரர்.

இதை நான் இகழ்வதற்காகச் சொல்லவில்லை. 35 மதிப்பெண் ஒரு பையனுக்குப் பாலிடெக்னிக்கின் கதவைத் திறக்கிறது. பல வீடுகளில் பெண்ணின் திருமணப் பேச்சை இரண்டு ஆண்டு தள்ளிப்போடுகிறது. ஆனால் அந்தப் பையனுக்குத் தமிழில் ஒரு பத்தியை நிறுத்தாமல் வாசிக்க வராமல் போனது எந்த வகுப்பில்? மூன்றிலா, நான்கிலா? நமது மாநிலத்தில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை. அது சரியான கொள்கை என்றுதான் நானும் நினைக்கிறேன். நிறுத்திவைத்த பிள்ளை கற்றுக்கொண்டதைவிடப் பள்ளியை விட்டுப் போனதே அதிகம். ஆனால் நிறுத்தாமல் அனுப்பும்போது, கூடவே பிடித்துத் தூக்கிவிட ஓர் ஏற்பாடு வேண்டாமா? அந்த ஏற்பாட்டை ஏழு ஆண்டு தள்ளிப்போட்டு, பத்தாம் வகுப்பின் நடுவில் தொடங்குவதற்குத்தான் நாம் சிறப்பு வகுப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

வேறு மாநிலங்களில் நடந்த சில சோதனைகள் இதை நன்றாக விளக்குகின்றன. இங்குள்ள பலரும் அறிந்தவைதான். என் வாதத்துக்கு வேண்டியதை மட்டும் எடுக்கிறேன். 2001 முதல் 2003 வரை வடோதராவிலும் மும்பையிலும் பிரதம் அமைப்பு, மூன்றாம், நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகளைப் பள்ளி நேரத்திலேயே இரண்டு மணி நேரம் தனியே அழைத்துக் கற்பித்தது. கற்பித்தவர்கள் அதே பகுதியைச் சேர்ந்த இளம்பெண்கள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் அளந்தபோது முதலாண்டில் 0.14 திட்ட விலக்கமும் இரண்டாம் ஆண்டில் 0.28 திட்ட விலக்கமும் முன்னேற்றம் தெரிந்தது. குறைந்த செலவில் அது நல்ல பலன். அந்தப் பெண்கள் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் அல்லர். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு எழுத்துக் கூட்டவே சொல்லிக்கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பீகார். 2008 கோடையில் அங்கே அரசுப் பள்ளி ஆசிரியர்களே ஒரு மாத முகாம் நடத்தினார்கள். பாடநூல் கிடையாது, பிள்ளை எந்த நிலையில் இருக்கிறதோ அங்கிருந்து தொடக்கம். முகாமுக்கு வந்த பிள்ளைகள் ஒரே மாதத்தில் கண்கூடாக முன்னேறினார்கள். பிறகு பள்ளி திறந்தது. அதே கற்பித்தல் பொருள்களும் பயிற்சியும் பள்ளி ஆண்டின்போது ஆசிரியர்களுக்குத் தரப்பட்டன. பலன் இல்லை. கோடையில் முடிந்தது ஜூலையில் ஏன் முடியவில்லை? ஆசிரியருக்குத் திறமை குறையவில்லை. முடிக்கவேண்டிய பாடம் அவர் முன்னே வந்து நின்றுவிட்டது. அதே பீகாரில் ஊர்த் தன்னார்வலர்கள் பள்ளி நேரத்துக்கு வெளியே வகுப்பு எடுத்த இடங்களில் பலன் தெரிந்தது. உத்தராகண்டில் தன்னார்வலர்களைப் பள்ளிக்குள்ளே அமர்த்தினார்கள். அவர்கள் நாளடைவில் ஆளில்லா வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் இன்னோர் ஆசிரியர் ஆகிவிட்டார்கள், பலனும் காணாமல் போயிற்று.

அப்படியானால் பள்ளிக்குள் இது நடக்கவே நடக்காதா? நடக்கும். 2012–13இல் ஹரியானாவில் அதற்கென்று ஒரு மணி நேரத்தைத் தனியே ஒதுக்கினார்கள். அந்த மணியில் வகுப்பு வாரியாக உட்காராமல் வாசிக்கும் நிலை வாரியாகப் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். வட்டார அலுவலர்கள் வந்து அதை மட்டும் பார்த்தார்கள். ஹிந்தி வாசிப்பு முன்னேறியது. கற்பித்தவர்கள் அரசு ஆசிரியர்களேதான். அந்த ஒரு மணிக்கு ஒரு வேலி இருந்தது, மேய வந்த பாடத்திட்டம் வெளியே நின்றது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அதற்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 27 அன்று, விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே இல்லம் தேடிக் கல்வி என்ற மாலை வகுப்புத் திட்டம் தொடங்கியது. மாலை ஐந்து முதல் ஏழு மணிக்குள் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம். தொடக்க வகுப்புகளுக்குப் பிளஸ் டூ படித்தவர், ஆறு முதல் எட்டு வரை பட்டதாரி. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். படித்துவிட்டு, திருமணமாகி, வேலைக்குப் போக வழியில்லாமல் வீட்டில் இருந்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள் என்பதே அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் சமுதாயக் கூடத்திலும் வகுப்பு நடந்தது. தேசியக் கல்விக் கொள்கை பின்வாசல் வழியாக வருகிறதோ என்று ஆளுங்கட்சியின் தோழமை இயக்கங்களே ஐயப்பட்டன. அந்த விவாதம் தேவையானது. இன்றைக்கு அதற்குள் நான் போகவில்லை.

இந்தத் திட்டம் பற்றி நமக்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் ஊரகத் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். 2019இல் அதே ஊர்களில் அதே வயதில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டால், 2021 டிசம்பரில் கணக்கில் சுமார் 0.7 திட்ட விலக்கமும் தமிழில் 0.34 திட்ட விலக்கமும் பின்தங்கியிருந்தார்கள். ஆனால் பள்ளி திறந்த ஆறே மாதத்தில் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வியின் பங்கு. பின்தங்கிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கே அது கூடுதலாக உதவியிருக்கும் என்பது அவர்கள் கணிப்பு.

இந்த 24ஐ ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். திட்டத்தை விரும்புபவர்கள் 24 என்கிறார்கள்; விரும்பாதவர்கள், மீதி 76ஐப் பள்ளிதானே செய்தது என்கிறார்கள். இரண்டும் உண்மை. நான் கேட்பது வேறு. ஐந்தாறு மணி நேரப் பள்ளியின் பக்கத்தில் ஒன்றரை மணி நேரம், பயிற்சி குறைந்த ஒருவர், கரும்பலகைகூடச் சரியாக இல்லாத இடம். அது எப்படி நான்கில் ஒரு பங்கைத் தூக்கிற்று? அங்கே தேர்வு இல்லை, முடிக்கவேண்டிய பாடமும் இல்லை. பிள்ளை தவறாக வாசித்தால் கற்பிக்கும் அக்காவுக்கு அடுத்த பக்கம் போகும் அவசரம் இல்லை. என் வாதத்துக்கு இதைவிடச் சான்று நான் தேடவில்லை.

ஆனால் அந்த அக்காவுக்கு ஒரு மாலைக்கு ஐம்பது ரூபாய்கூட வரவில்லை என்பதையும் இதே மூச்சில் சொல்லவேண்டும். பெருந்தொற்றின் நெருக்கடியில் அது பொறுத்துக்கொள்ளத் தக்கது. நிலையான ஏற்பாடாக அதையே எண்ணினால், படித்த கிராமத்துப் பெண்ணின் உழைப்பு மலிவு என்பதன்மேல் ஒரு கல்விக் கொள்கையைக் கட்டுகிறோம் என்று பொருள். இந்த அரங்கில் செலவுக் கணக்கு வாசிக்கப்போகிறவர்கள், ‘குறைந்த செலவு’ என்ற இடத்தில் ஒரு நிமிடம் நின்று, அது யாருக்குக் குறைந்தது என்று சொல்லிவிட்டுப் போகவேண்டும்.

2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிப்பதைப் பள்ளி நேரத்துக்குள்ளேயே கொண்டுவந்தது நல்ல திருப்பம். செயலியில் மதிப்பீட்டைப் பதிவேற்றுவதிலேயே நேரம் போகிறது என்ற ஆசிரியர் சங்கங்களின் குறையும் நியாயமானதே. பாடத்திட்டத்துக்கு எதிராகப் போட்ட வேலியைத் தரவுப் படிவம் தாண்டி வந்துவிட்டது.

நேரம் என்று சொல்லும்போது அளவும் தெரியவேண்டும். கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 நாள், 800 மணி நேரம் கேட்கிறது. நாளுக்கு ஒரு மணி வீதம் நூறு மாலை வகுப்பு நடத்தினால் அதில் எட்டில் ஒரு பங்கு. சின்னத் தொகை அல்ல. ஆனால் நூறு மாலையும் பிள்ளை வரவேண்டுமே? 2015இல் டெல்லியில் ஒரு சோதனை நடந்தது. பிள்ளையின் நிலைக்கேற்பக் கேள்வியை மாற்றிக்கொள்ளும் கணினி மென்பொருளை வைத்துப் பள்ளி முடிந்தபின் மையங்கள் நடத்தினார்கள். நாலரை மாதத்தில் கணக்கில் 0.37, ஹிந்தியில் 0.23 திட்ட விலக்கம் முன்னேற்றம். எல்லாரும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். நான் அடிக்கோடிட்டு வைத்திருப்பது வேறு இரண்டு. மையத்துக்குப் போகாமல் வழக்கமான பள்ளியில் மட்டும் படித்தவர்களில், கடைசி மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் அந்த நாலரை மாதத்தில் முன்னேறியதாகவே தெரியவில்லை. இலவச இடம் கிடைத்தவர்களோ சராசரியாக 58 விழுக்காடு நாள்தான் வந்தார்கள்.

வராத நாள்களில் அந்தப் பிள்ளை எங்கே இருந்தது? நம் ஊர்ப் பதில் நமக்குத் தெரியும். ஊருக்குக் கடைசிப் பேருந்து ஐந்தேகாலுக்கு. அதை விட்டால் இருட்டில் நடை. அங்கன்வாடியிலிருந்து தம்பியைக் கூட்டிவர வேறு ஆள் இல்லை. தண்ணீர் வருவது மாலையில். வயது வந்த பெண்ணை ஆறு மணிக்கு மேல் வெளியே விடமாட்டார்கள். பசி இன்னொன்று. பன்னிரண்டரைக்குச் சாப்பிட்ட சத்துணவு ஐந்தரைக்கு வயிற்றில் நிற்பதில்லை. தொடக்கப் பள்ளியில் காலை உணவை 2022 முதல் கொடுக்கிறோம். மாலையைப் பற்றி மாநில அளவில் இன்னும் யோசிக்கவில்லை. சென்னை மாநகராட்சி தன் பள்ளிகளின் சிறப்பு வகுப்புகளுக்குச் சிற்றுண்டி தர முன்வந்தது. மற்ற இடங்களில் ஆசிரியரின் சட்டைப் பையிலிருந்துதான் சுண்டலும் பிஸ்கட்டும் வருகின்றன. பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் இந்த ஒன்றை எழுத யாராவது துணிந்தால், அந்தப் பள்ளியின் மாலை வருகை மாறும் என்று நான் பந்தயம் கட்டத் தயார்.

ஆசிரியர் பக்கமும் ஒரு வார்த்தை. அதே சட்டம் ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேரம் என்று சொல்கிறது, ஆயத்த நேரமும் சேர்த்து. ஐந்து வகுப்பையும் இரண்டு பேர் பார்க்கும் ஈராசிரியர் பள்ளியில் அந்த 45இல் கற்பித்தலுக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை அளந்த பிறகுதான், இன்னும் ஒரு மணி நேரம் இருங்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு வரும். தேர்ச்சி குறைந்த பள்ளிகளில் பல, பணியிடம் காலியாக இருக்கும் பள்ளிகள். அங்கே மாலை வகுப்பைவிட முதலில் வேண்டியது பகல் வகுப்புக்கு ஓர் ஆசிரியர்.

கட்டுரை வாசிப்பவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். உங்கள் அட்டவணையில் சராசரி முன்னேற்றம் எவ்வளவு என்று காட்டும்போது, வருகைப் பதிவேட்டையும் பக்கத்திலேயே காட்டுங்கள்: எத்தனை நாள் வகுப்பு நடந்தது, வராதவர்கள் யார் யார். வந்தவர்களை மட்டும் அளந்துவிட்டுத் திட்டம் வென்றது என்று சொல்லும் கட்டுரையை நானே எழுந்து நின்று கேள்வி கேட்பேன். இரண்டாவது, அந்தக் கூடுதல் மணியில் உண்மையில் நடந்தது என்ன என்பதை ஒரு பத்தியாவது எழுதுங்கள். ‘குறைதீர் கற்பித்தல் வழங்கப்பட்டது’ என்ற ஒற்றை வரி போதாது. பிள்ளை கையில் என்ன இருந்தது, கதையா, வினாத்தாளா? ஆசிரியர் என்ன கேட்டார்?

முதல் அமர்வில் மூன்று கட்டுரைகள். மூன்றும் மலைப்பகுதிப் பள்ளிகளையும் கடலோரப் பள்ளிகளையும் பற்றியவை. மாலை வகுப்பு என்ற ஏற்பாடே அங்கே பொருந்துமா என்று கேட்பவை. ஆளுக்கு இருபது நிமிடம், கேள்விக்குப் பத்து. முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.