வெள்ளணுவின் உள்வீடு



தும்மலும் இழுப்புமாக மருத்துவரிடம் போய், 'ஈஸினோஃபில் கூடியிருக்கிறது' என்று கேட்டு வராத வீடு நம் ஊரில் குறைவு. அந்த வெள்ளணுவை 1879-இல் தனியே பிரித்துக் காட்டியவர் ஜெர்மானியரான பால் எர்லிக். இயோசின் சாயத்தில் அதன் துகள்கள் செக்கச்செவேலெனச் சிவந்தன; அதுவே அடையாளமாயிற்று. அதன்பின் வெகுகாலம் வெள்ளணுக்களைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி சாயம் சொல்லிக்கொடுத்ததுதான்.

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இந்தப் பிடிமானம் போய்விடுகிறது. எலக்ட்ரானுக்கு நிறபேதம் கிடையாது. ஆஸ்மியம், யுரேனியம், ஈயம் ஆகிய கன உலோகங்கள் படிந்த இடம் கறுப்பு, படியாத இடம் வெளுப்பு. ஆனாலும் ஈஸினோஃபிலை முதல் பார்வையிலேயே கண்டுகொள்ளலாம். அதன் நீள்வட்டத் துகள்கள் பலவற்றின் நடுவில் நீள்சதுரப் படிகம் ஒன்று இருக்கும். உருப்பெருக்கத்தைக் கூட்டினால் படிகத்துக்குள் சீரான இணைகோடுகள் தெரியும். புழுக்களின் இளம்பருவத்தைக் கொல்லவல்ல புரதம் அங்கே கெட்டித்துக் கிடக்கிறது. பெராக்ஸிடேஸ் நொதி அதைச் சுற்றியுள்ள பகுதியில். சாயத்துக்கு எல்லாம் ஒரே சிவப்பு.

இன்னொரு வெள்ளணுவான நியூட்ரோஃபில் அவ்வளவு எளிதில் பிடிகொடுக்காது. படத்தில் விழுவது சுமார் 70 நானோமீட்டர் கனமுள்ள ஒரு சீவல். 12 மைக்ரோமீட்டர் அணு ஒன்றை முழுக்கச் சீவினால் நூற்றைம்பதுக்கு மேல் சீவல்கள் தேறும். நாம் பார்ப்பது அதில் ஒன்று. மெல்லிய இழைகளால் இணைந்த மடல்களாக இருக்கும் உட்கரு, அதில் மூன்று நான்கு துண்டுகளாகத் தெரியும். வாழைச் சீப்பைக் காம்புக்குக் கீழே குறுக்கே அறுத்தால் பழங்கள் தனித்தனி வட்டங்களாகத் தெரிவதைப் போல. 'பல உட்கருக்கள் கொண்ட அணு' என்று விடைத்தாளில் எழுதும் மாணவர்களை நான் அதிகம் குறை சொல்வதில்லை.

செத்து உறைந்த சீவலில் காலவரிசையைப் படிக்க முடியுமா? 1966-இல் டோரதி பெயின்டனும் மேரிலின் ஃபார்க்கரும் முயலின் எலும்பு மஜ்ஜையில் படித்துக் காட்டினார்கள். இளம் அணுவில் கோல்கை உறுப்பின் குழிந்த முகத்திலிருந்து பெரிய, அடர்ந்த துகள்கள் பிறக்கின்றன. ஒரு படி முதிர்ந்ததும் அந்த உற்பத்தி நின்று, குவிந்த முகத்திலிருந்து சிறிய துகள்கள் பிறக்கின்றன. அணு பிரியப் பிரிய முன்னவை பங்குபோய்க் குறைகின்றன. முதிர்ந்த நியூட்ரோஃபிலில் சிறியவை மிகுந்திருப்பது அதனால்தான். அவை 200 நானோமீட்டர் அளவின. ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டும் எல்லையே அதுதான். சாயக்காரர்கள் எவ்வளவு உற்றுப் பார்த்தும் பயனில்லை.

இத்துறையில் எனக்கு மிகப் பிடித்த ஆய்வு பெயின்டன் 1973-இல் வெளியிட்டது. நியூட்ரோஃபில்களைக் கிருமிகளை விழுங்கவிட்டு, வெவ்வேறு நேரங்களில் அவற்றை அப்படியே நிலைநிறுத்திப் பார்த்தார். பெராக்ஸிடேஸ் பெரிய துகள்களில் மட்டுமே உண்டு. நொதி வினையால் கறுத்தால் அது பெரியது என்று கொள்ளலாம். கிருமியைச் சூழ்ந்த பைக்குள் முதலில் திறந்தவை சிறியவை. கறுத்தவை பிறகே வந்தன. பின்னால் பிறந்தது முன்னால் போகிறது!

அந்தக் கருமை பின்னாளில் ரத்தப் புற்றுநோய் வார்டுக்கும் வந்தது. ஒளி நுண்ணோக்கியில் பெராக்ஸிடேஸ் இல்லை எனத் தோன்றிய சில இளம் புற்றணுக்களில், ஒன்றிரண்டு கறுத்த துகள்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அகப்பட்டன. நோய் மைலாய்டு வகை என்று முடிவாயிற்று. இன்று அந்த வேலையைப் பெரும்பாலும் ஃப்ளோ சைட்டோமெட்ரி பார்த்துக்கொள்கிறது. ஆயிரக்கணக்கான அணுக்களைச் சில நிமிடங்களில் எண்ணிவிடும். நொதி இருக்கிறதா என்று அது சொல்லும். எந்தத் துகளில் என்று கேட்டால், சீவலைத்தான் எடுக்க வேண்டும்.