சுரங்கத் தூசி முதல் சி-ஆர்ம் கதிர் வரை: அறுவை அரங்கில் உழைப்போரின் பாதுகாப்பு

கண்ணுக்குப் புலனாகாத அபாயம் என்பது கோலார் தங்க வயலின் மக்களுக்குப் புதிதன்று. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்னும் பிரிட்டிஷ் நிறுவனம் இங்கே காலூன்றியது. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று இழுத்து மூடப்பட்டது. இடைப்பட்ட நூற்றிருபது ஆண்டுகளில் வட ஆற்காடு, சித்தூர், சேலம், தருமபுரிப் பகுதிகளிலிருந்து வந்த உழைப்பாளர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை இறங்கித் தங்கம் எடுத்தனர். பாறை வெடித்தால் அதன் ஓசை ஊர் முழுவதும் கேட்டது. துளைக்கருவியின் முனையிலிருந்து எழுந்த சிலிக்கா தூசியோ ஓசையின்றி நுரையீரலுக்குள் புகுந்து, பல ஆண்டுகள் கழித்தே ஆளைச் சாய்த்தது.

1940களில் நடந்த மருத்துவ ஆய்வுகளில், பரிசோதிக்கப்பட்ட தொழிலாளர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோருக்கு சிலிக்கோசிஸ் இருப்பது தெரியவந்தது. காசநோய் என்றும், குடிப்பழக்கத்தின் விளைவு என்றும் தட்டிக் கழிக்க முடியாதபடி அந்த நோயை வெளிக்காட்டியது எக்ஸ்ரே படமே. அந்த வகையில் எக்ஸ்ரே இந்த மண்ணின் தொழிலாளிக்குச் சாட்சியாக நின்ற கருவி. அதே கதிர், இன்று அதைக் கையாளும் தொழிலாளியின் உடலை எவ்வாறு தாக்குகிறது, அதிலிருந்து அவரை எவ்வாறு காப்பது என்பதே இந்த உரையின் பொருள்.

சுரங்கம் மூடப்பட்ட பிறகு இந்த ஊரின் பிள்ளைகள் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃப்பிலும் ஊர்காமிலும் விடியலுக்கு முன்பே ரயிலேறிப் பெங்களூருக்குச் செல்கிறார்கள். கட்டுமானம், தொழிற்சாலை, துப்புரவு, காவல் பணிகளுக்குச் செல்வோரோடு, செவிலியராகவும் வார்டு உதவியாளராகவும் அறுவை அரங்கு டெக்னீஷியனாகவும் மருத்துவமனைகளுக்குச் செல்வோரும் அவர்களில் உண்டு. பாட்டன் சுவாசித்தது தூசி என்றால், பேத்தி நிற்கும் இடத்தில் பரவுவது கதிர். இரண்டுக்கும் நிறமோ மணமோ இல்லை. இரண்டும் உடனே வலிப்பதில்லை.

சி-ஆர்ம் என்னும் கருவி

எலும்பு முறிவுக்கு உள்ளே கம்பி செலுத்தும்போதும், முதுகெலும்பில் திருகு பொருத்தும்போதும், சிறுநீரகக் கல்லைத் துளையிட்டு எடுக்கும்போதும், மருத்துவர் உள்ளே நடப்பதை அவ்வப்போது பார்க்க வேண்டியுள்ளது. அதற்கு உதவுவதே சி-ஆர்ம் என்னும் நகரும் எக்ஸ்ரே இயந்திரம். ஆங்கில 'சி' எழுத்தைப் போல் வளைந்த அதன் ஒரு முனையில் கதிரை உண்டாக்கும் குழாயும், மறுமுனையில் கதிரைப் பெற்றுத் திரையில் படமாக்கும் வாங்கியும் உள்ளன. இந்தக் கருவி வந்ததால் பெரிதாகக் கிழித்துப் பார்க்க வேண்டிய அறுவைகள் சிறு துளைகளோடு முடிகின்றன. நோயாளி விரைவில் எழுந்து நடக்கிறார். கூலித் தொழிலாளிக்கு அது எத்தனை நாள் வேலையை மீட்டுத் தருகிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை. எனவே கருவியை எதிர்ப்பது நோக்கமன்று. அதைச் சரியாகப் பயன்படுத்தக் கோருவதே நோக்கம்.

எக்ஸ்ரே எடுக்கும் அறையில் டெக்னீஷியன் தடுப்புச் சுவருக்குப் பின்னால் நின்று பொத்தானை அழுத்துகிறார். அறுவை அரங்கில் அத்தகைய சுவர் இல்லை. மருத்துவர், உதவி மருத்துவர், மயக்க மருந்து நிபுணர், செவிலியர், முறிந்த காலைத் தாங்கிப் பிடிக்கும் உதவியாளர் என அனைவரும் கதிர் பாயும் நேரத்திலும் நோயாளியின் அருகிலேயே இருக்கிறார்கள். அவர்கள் மேல் படுவது பெரும்பாலும் நேர்க்கதிர் அன்று. நோயாளியின் உடலில் மோதிச் சிதறும் கதிர். ஒரு மீட்டர் தொலைவில் அது நோயாளியின் உடல்மேல் விழும் அளவில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பொதுக் கணக்கு. ஒரு நாளில் அது சிறிது. நாள்தோறும், ஆண்டுதோறும் அங்கேயே நிற்பவருக்கு அது சேர்ந்துகொண்டே போகிறது. கண்ணின் வில்லை புரையோடும். புற்றுநோய்க்கான வாய்ப்பு சிறிது சிறிதாகக் கூடும்.

முதல் பலி ஒரு தொழிலாளி

1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் ராண்ட்கன் இக்கதிரைக் கண்டறிந்தார். ஓராண்டுக்குள்ளேயே கை தீய்ந்தவர்களும் முடி உதிர்ந்தவர்களும் மருத்துவர்களிடம் வரத் தொடங்கினர். அமெரிக்காவில் தாமஸ் எடிசனின் கூடத்தில் கண்ணாடி ஊதும் தொழிலாளியாக இருந்த கிளாரன்ஸ் டாலி, எக்ஸ்ரே குழாய்களைத் தம் கையைக் கொண்டே சோதித்தார். கைகள் புண்ணாகி, வெட்டி நீக்கப்பட்டு, 1904இல் அவர் இறந்தார். அதிர்ந்த எடிசன் எக்ஸ்ரே ஆய்வையே கைவிட்டார். கைவிடுவதற்கான வாய்ப்பு முதலாளிக்கு இருந்தது, டாலிக்கு இல்லை. கதிருக்குப் பலியான மருத்துவர்கள், இயற்பியலாளர்கள், உதவியாளர்கள், செவிலியர்கள் ஆகியோரின் பெயர் பொறித்த நினைவுத்தூண் 1936இல் ஹாம்பர்க் நகரில் எழுப்பப்பட்டது. இன்றுள்ள பாதுகாப்பு விதிகள் அத்தகையோரின் உடல்களிலிருந்து கற்றவை.

தங்க வயல் தந்த இரண்டு பாடங்கள்

கதிரிலிருந்து காத்துக்கொள்ள நேரம், தொலைவு, தடுப்பு ஆகிய மூன்றே வழிகள் என்று எல்லாப் பாடநூல்களும் சொல்கின்றன. தடுப்பு என்பதன் பொருளை இந்த ஊர் உலகுக்கே காட்டியிருக்கிறது. 1965இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்தன. விண்ணிலிருந்து வரும் மற்றக் கதிர்களை மேலிருக்கும் பாறை தடுத்துவிட, காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடயம் அங்கே பதிவானது. தென் ஆப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் அதே ஆண்டில் அது பதிவானது. அங்கே அறிவியலுக்கு இரண்டு கிலோமீட்டர் பாறை கவசமாயிற்று. அறுவை அரங்கில் செவிலியருக்குத் தேவைப்படுவதோ அரை மில்லிமீட்டர் ஈயத்துக்கு நிகரான ஓர் அங்கி மட்டுமே. அது சிதறிவரும் கதிரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தடுத்துவிடும்.

இரண்டாவது பாடம் தூசி தந்தது. தொழிலாளியின் முகத்தில் துணியைக் கட்டச் சொல்வது ஒரு வழி. துளைக்கருவியின் முனையில் நீரைப் பாய்ச்சி, தூசி எழாமலேயே செய்வது மற்றொரு வழி. முன்னது பொறுப்பைத் தொழிலாளியின் தலையில் ஏற்றுகிறது. பின்னது அபாயத்தை அதன் பிறப்பிடத்திலேயே குறைக்கிறது. கதிருக்கும் இதே அளவுகோல் பொருந்தும். அங்கி கடைசிக் காப்பு. முதல் காப்பு இயந்திரத்தை இயக்கும் முறையிலேயே இருக்கிறது.

குறைக்கும் வழிகள்

முதலாவது, நேரம். கதிரைத் தொடர்ந்து பாய்ச்சாமல் துடிப்பு துடிப்பாகப் பாய்ச்சும் வசதி இன்றைய கருவிகளில் உண்டு. நொடிக்கு எத்தனை துடிப்பு என்பதைப் பாதியாக்கினால் கதிரளவும் ஏறத்தாழப் பாதியாகும். கடைசியாக எடுத்த படத்தைத் திரையில் நிறுத்தி வைத்தே அடுத்த அடியைத் திட்டமிடலாம். மிதிகட்டையில் கால் வைத்தபடி பேசிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

இரண்டாவது, கருவியை வைக்கும் முறை. கதிர்க்குழாய் மேசைக்குக் கீழேயும், வாங்கி மேலேயும் இருக்க வேண்டும். கதிர் உடலில் நுழையும் பக்கமே அதிகம் சிதறுகிறது என்பதால், குழாய் மேலே இருந்தால் நிற்பவரின் கண்ணுக்கும் கழுத்துக்கும் கூடுதலாகக் கதிர் சேரும். வாங்கியை நோயாளியின் உடலுக்கு இயன்ற அளவு நெருக்கமாகக் கொண்டுவர வேண்டும். பக்கவாட்டில் படம் எடுக்கும்போது குழாயின் பக்கம் நிற்காமல் வாங்கியின் பக்கம் நிற்க வேண்டும். தேவையான பகுதி மட்டும் தெரியும்படி கதிரின் அகலத்தைச் சுருக்கினால் சிதறலும் குறையும், படமும் தெளியும். உருப்பெருக்கும் வசதி கதிரைக் கூட்டும். அவசியமின்றி அதைத் தொடலாகாது.

மூன்றாவது, தொலைவு. ஒரு மீட்டரில் நிற்பவர் இரண்டு மீட்டருக்கு விலகினால் கதிர் நான்கில் ஒன்றாகும். மூன்று மீட்டருக்கு விலகினால் ஒன்பதில் ஒன்றாகும். படம் எடுக்கும் முன் டெக்னீஷியன் உரக்கச் சொல்வதும், அருகே இருந்தே ஆகவேண்டியவர் தவிர மற்றவர்கள் பின்வாங்குவதும் செலவில்லாத பாதுகாப்பு. கதிர் பாயும் பாதையில் கையை வைக்கலாகாது. ஈயக் கையுறை அணிந்து வைத்தாலும் தீங்கே. திரை இருண்டுவிட்டதாக எண்ணித் தானியங்கி இயந்திரம் கதிரை மேலும் கூட்டிவிடும்.

நான்காவதே கவசம். ஈய அங்கியோடு தைராய்டு கழுத்துப்பட்டையும், அடிக்கடி இப்பணி செய்வோருக்கு ஈயக் கண்ணாடியும் வேண்டும். அங்கியை மடித்துப் போட்டால் உள்ளிருக்கும் ஈயத்தாள் விரிசல் விடும்; தொங்கவிட வேண்டும், ஆண்டுக்கொரு முறை எக்ஸ்ரேயிலேயே சோதிக்க வேண்டும். பெரிய உடலுக்கென்று தைத்த அங்கியின் அகன்ற கைத்துளை பெண் செவிலியரின் மார்பகப் பக்கத்தைக் காப்பதில்லை. அளவுக்கேற்ற அங்கி என்பது சலுகையன்று. பாதுகாப்பின் ஒரு பகுதி.

சட்டம் சொல்வதும் நடப்பதும்

1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டத்தின்கீழ், 1983 நவம்பரில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அமைக்கப்பட்டது. 2004இல் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் வந்தன. கதிரோடு பணிபுரிவோருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓராண்டிலும் 30 மில்லிசீவர்ட் என்பது வாரியத்தின் வரம்பு. கண் வில்லைக்கான வரம்பை 150 மில்லிசீவர்ட்டிலிருந்து 20 ஆகக் குறைக்கும்படி 2011இல் சர்வதேசக் கதிர்ப் பாதுகாப்பு ஆணையம் பரிந்துரைத்தது. முன்பு எண்ணியதைவிடக் கண் எளிதில் கெடுகிறது என்பதே காரணம். பணியாளர் பெற்ற கதிரை அளக்க மார்பில் அணியும் டி.எல்.டி. பேட்ஜ் உண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை ஆய்வகத்துக்கு அனுப்பிக் கணக்கிட வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 115ஆம் உடன்படிக்கையை இந்தியா 1975இல் ஏற்றது. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் சிலிக்கோசிஸும் இடம்பெற்றது, கதிரால் வரும் நோய்களும் இடம்பெற்றன.

ஏட்டில் இருப்பது இவ்வளவு. நடந்தது என்ன? 2012இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கை, நாட்டிலிருந்த 57,443 மருத்துவ எக்ஸ்ரே நிலையங்களில் 5,270 மட்டுமே வாரியத்தில் பதிவானவை என்றது. எஞ்சிய 52,173, அதாவது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று, எந்தக் கண்காணிப்புமின்றி இயங்கின. மாநிலந்தோறும் கதிர்ப் பாதுகாப்பு இயக்ககம் அமைக்குமாறு உச்ச நீதிமன்றம் 2001இல் கூறியிருந்தும், அந்த அறிக்கையின் காலம் வரை கேரளமும் மிசோரமும் மட்டுமே அமைத்திருந்தன. பிறகு உரிமம் வழங்கும் பணி இணையவழிக்கு மாறியது. ஆயினும் உரிமம் சுவரில் தொங்குவதால் மட்டும் செவிலியரின் கழுத்துக்குப் பட்டை வந்துவிடாது.

மருத்துவம் லாபத் தொழிலான பிறகு, கருவி வாங்கக் கடன் கிடைக்கிறது. அங்கி வாங்க மனம் வருவதில்லை. ஒப்பந்த முறை இதை மேலும் மோசமாக்குகிறது. இன்று ஒரு மருத்துவமனையிலும் நாளை வேறொன்றிலும் நிற்பவரின் கதிர்க் கணக்கு எங்கே சேரும்? பேட்ஜ் இல்லாதவரின் உடலில் சேர்ந்த கதிருக்கு ஆவணமில்லை. ஆவணம் இல்லாத நோய்க்கு இழப்பீடும் இல்லை. சிலிக்கோசிஸ் நோயாளிகளின் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு நன்கு தெரியும்.

எழுப்ப வேண்டிய கோரிக்கைகள்

தோழர்களே! மருத்துவமனைத் தொழிலாளர்களிடையே பணியாற்றும் தொழிற்சங்கங்கள் பின்வருவனவற்றை உடனடிக் கோரிக்கைகளாக எழுப்ப வேண்டும்:

• சி-ஆர்ம் இயங்கும் அரங்கில் நிற்கும் ஒவ்வொருவருக்கும், நிரந்தரமா ஒப்பந்தமா என்ற வேறுபாடின்றி, அளவுக்கேற்ற அங்கியும் கழுத்துப்பட்டையும், தகுதியுள்ள அனைவருக்கும் டி.எல்.டி. பேட்ஜும் வழங்கப்பட வேண்டும்.

• பேட்ஜின் கணக்கு தொழிலாளியின் கைக்கு எழுத்தில் தரப்பட வேண்டும்; வேலை மாறினாலும் அது அவரோடு செல்ல வேண்டும்.

• கருவியை இயக்குபவர் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். ஒவ்வொரு அறுவையிலும் கதிர் பாய்ந்த நேரம் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும்.

• கருவுற்றதை அறிவிக்கும் பெண் பணியாளருக்கு ஊதிய இழப்போ வேலை இழப்போ இன்றிக் கதிர் இல்லாத மாற்றுப் பணி தரப்பட வேண்டும். கரு பெறும் கதிர் 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டலாகாது என்னும் வரம்பு அப்போதுதான் பொருள்படும்.

• மாநில அரசு தன் கதிர்ப் பாதுகாப்பு இயக்ககத்துக்குப் போதிய ஆய்வாளர்களை அமர்த்த வேண்டும். ஆய்வறிக்கை தொழிற்சங்கத்துக்கும் தரப்பட வேண்டும்.

இவற்றில் எதுவும் சிகிச்சையைத் தாமதிக்காது. பணியாளரைக் காக்கும் அதே நடைமுறைகள் நோயாளியின் மேல் விழும் கதிரையும் குறைக்கின்றன. மருத்துவரின் நலனும் உதவியாளரின் நலனும் நோயாளியின் நலனும் இங்கே ஒன்றுதான்.

1946 நவம்பர் 4 அன்று இந்தத் தங்க வயலில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் உயிர் நீத்தனர். கூலியோடு மனிதனாக நடத்தப்படும் உரிமைக்காகவும் எழுந்த போராட்டம் அது. சுரங்கத்தின் வாயில்கள் மூடிக்கிடக்கலாம். அந்த உரிமை மூடப்படவில்லை. தூசியை அளக்கச் சொன்ன தலைமுறையின் பிள்ளைகள் இன்று கதிரை அளக்கச் சொல்ல வேண்டும். அடுத்த சங்கக் கூட்டத்தில் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: அறுவை அரங்கில் நிற்பவர்கள் எத்தனை பேர், பேட்ஜ் அணிந்தவர்கள் எத்தனை பேர்?