மேடையில் மன்னர், வீதியில் கூத்தாடியோ?



கூத்தாடி என்னுஞ் சொல் நம்மவரிடையே வசைச்சொல்லாக வழங்கி வருவதை நீங்கள் யாவரும் அறிவீர்கள். தில்லையம்பலத்தானைக் கூத்தன் என்று கைகூப்பித் தொழுகின்றோம். அதே வாயால், வேடம் புனைந்து வயிறு வளர்ப்பவனைக் கூத்தாடி என்று ஏசுகின்றோம். இரவிலே அவன் அழுதால் நாமும் அழுகின்றோம். விடிந்தபின் அவன் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக் கொள்கின்றோம். இந்த இரட்டை நடத்தைக்கு ஆளாகி வாழ்ந்து மறைந்த கலைஞர் சிலரைப் பற்றி இன்று உங்களுடன் பேச விழைகின்றோம். அவர்களைப் புகழ்வது மட்டும் எமது நோக்கமன்று. அவர்கள் செய்தது தொழில். கற்றுத் தேறிச் செய்த கடுந்தொழில். இதை நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதே எமது வழக்கு.

1891 ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவோம். அவ்வாண்டிலே சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் என்னும் பதினெட்டு வயது மாணவர், நண்பர் சிலரைச் சேர்த்துச் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். அதுவரை தமிழ் நாடகம் என்றாலே வெறுப்புடன் ஒதுங்கியவர் அவர். பல்லாரி கிருஷ்ணமாச்சாரியார் குழுவினரின் தெலுங்கு நாடகத்தைக் கண்ட பின்னரே, கற்றோரும் மேடையேறலாம் என்ற எண்ணம் அவருக்குப் பிறந்தது. பிற்காலத்தில் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் விளங்கிய அவர் எழுதிய நாடகங்கள் தொண்ணூற்றுக்கு மேற்பட்டவை. விடிய விடிய நடந்த ஆட்டத்தைச் சில மணி நேரத்துக்குள் அடக்கினார். பாட்டு மிகுந்திருந்த மேடையில் உரைநடைக்கு இடம் வகுத்தார். சேக்சுபியரின் ஹம்லெற்றை அமலாதித்யனாகவும் மக்பெத்தை மகபதியாகவும் தமிழ் பேச வைத்தார். வழக்கறிஞரும் உத்தியோகத்தரும் அரிதாரம் பூசி நின்றபோது, அவர்களைக் கூத்தாடிகள் என்று சொல்ல ஊராருக்கு நா எழவில்லை. எழாமைக்குக் காரணம் கலையின் மேன்மையா, அவர்களுடைய பதவியா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஏறக்குறைய அதே காலத்தில், தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலையொன்றில் கணக்கு எழுதிக் கொண்டிருந்த இளைஞர் ஒருவர் அப்பணியை உதறிவிட்டு நாடகக் கொட்டகைக்குள் புகுந்தார். அவரே 1867 இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள். இவருக்குப் பதவியும் இல்லை, பட்டமும் இல்லை. பழனித் தண்டபாணி சுவாமிகளிடம் கற்ற தமிழ் இருந்தது, அது போதுமானதாயிற்று. நடிகர்கள் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசி மேடையைக் கெடுத்து வந்த நாளில், வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி முதலிய கதைகளுக்குப் பாடலும் உரையாடலும் வரையறுத்து எழுதி ஒழுங்கு செய்தவர் அவர். அபிமன்யு சுந்தரி நாடகம் முழுவதையும் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று, அவரிடம் பயின்ற அவ்வை தி. க. சண்முகம் பதிவு செய்திருக்கின்றார். 1918 இல் மதுரையில் சுவாமிகள் அமைத்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையிலே சண்முகம் சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறு. ஆறு வயதுப் பாலகனுக்குப் பாட்டும் பேச்சும் நடையும் சொல்லிக் கொடுத்துக் கலைஞனாக்கும் பொறுமையை அளக்க எம்மிடம் அளவுகோல் இல்லை. 1921 இல் பக்கவாதம் சுவாமிகளின் கையையும் நாவையும் ஒருங்கே முடக்கியது. ஒரே இரவில் நாடகம் எழுதிய கை அசையாது கிடக்க, ஓராண்டுக்கு மேல் அந்நிலையில் வாழ்ந்து, 1922 நவம்பர் 13 ஆம் நாள் புதுச்சேரியிலே மறைந்தார். மணம் புரியாதவர், பிள்ளையென்று சொல்லத்தக்கவர்கள் அவர் பயிற்றிய மாணவர்களே.

அன்பர்களே! இந்த இரு நீரோட்டங்களும் பாக்குநீரிணையைக் கடந்து நமது நாட்டுக்கு வந்தன. ஒன்று கந்தோர்க்காரரிடம் போய்ச் சேர்ந்தது. மற்றது கமக்காரரிடம் போய்ச் சேர்ந்தது.

முதலாவதை ஏந்திக் கொண்டவர் நவாலியூர் க. சொர்ணலிங்கம். 1889 இல் பிறந்தவர். பம்மல் சம்பந்த முதலியாரைக் குருவாகக் கொண்டு, 1913 இல் கொழும்பிலே இலங்கை சுபோத விலாச சபையை நிறுவினார். பகலெல்லாம் கோப்புகளோடு போராடிய தமிழ் இளைஞர் மாலையிலே ஒத்திகைக்கு வந்தனர். கற்ற குடும்பங்கள் நாடகத்தைக் குறைவாக எண்ணிய காலம் அது. நேரந்தவறாமையும் நடிப்பில் அடக்கமும் வேண்டுமென்பதிலே சொர்ணலிங்கம் கண்டிப்பானவர். வெனிஸ் நகர வணிகனைத் தழுவிய வாணீபுர வணிகனில், இரக்கமற்ற கடன்காரனாகிய ஷைலொக்கின் தமிழ் வடிவத்தை ஏற்று அவர் நடித்தது நெடுங்காலம் பேசப்பட்டது. கலையரசு என்ற பட்டம் அவருடைய பெயரோடு ஒட்டிப் பெயராகவே ஆகிவிட்டது. 1968 இல் "ஈழத்தில் நாடகமும் நானும்" என்ற நூலை வெளியிட்டார். 1982 இல் தொண்ணூற்று மூன்றாவது வயதில் மறைந்தார். அந்நூல் இருப்பதனாலேயே அவருடைய காலமும் அவரோடு நின்றவர்களும் இன்று நமக்குத் தெரிகின்றனர்.

இரண்டாவது நீரோட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கின்றது. ஏனெனில் அதைப் பற்றி நம்மிடம் எழுத்து குறைவு.

சுவாமிகளின் பாடல்கள் தென்னிந்தியக் குழுக்களோடு யாழ்ப்பாணத்துக்கு வந்து, இங்குள்ளோர் வாயில் ஊறி, எமது இசை நாடகமாயின. ஆர்மோனியமும் மிருதங்கமும் பக்கத்தில் இருந்தால் போதும். கோயில் வீதியும் அறுவடை முடிந்த வெளியும் அரங்காகிவிடும். அம்மரபிலே தோன்றியவர் காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து. பிறந்தது 1924 இல். வசந்த கான சபா அவருடைய குழு. நந்தனார் முதலாகப் பல வேடங்களை அவர் தாங்கினார் ஆயினும், அவர் பெயரைச் சொன்னவுடன் முதியோர் கண்முன் வந்து நிற்பது ஒரே வேடந்தான்: மயான காண்டத்து அரிச்சந்திரன்.

கதையை நீங்கள் அறிவீர்கள். நாடிழந்த மன்னன் காசியிலே வீரபாகுவுக்கு அடிமையாகிச் சுடலை காக்கின்றான். பாம்பு தீண்டி இறந்த மைந்தன் லோகிதாசனைச் சுமந்து கொண்டு நள்ளிரவிலே சந்திரமதி வருகின்றாள். கால்பணமும் முழத்துண்டும் கொடுத்தாலன்றிப் பிணத்தை எரிக்க விடமாட்டேன் என்கின்றான் காவற்காரன். கொடுக்க அவளிடம் ஒன்றுமில்லை. கணவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும் தாலியை அவன் கண்டு சொல்லும்போதுதான், நிற்பவர் யாவர், கிடப்பவன் யாவன் என்பது இருவருக்கும் விளங்குகின்றது. அறிந்த பின்னரும் அவன் கூலியை விட்டுக் கொடுப்பதில்லை. ஆண்டானுக்குரியதைத் தானமாகக் கொடுக்கத் தனக்கு உரிமையில்லை என்கின்றான்.

இந்தக் காட்சியைச் சரியாக நடிப்பது எவ்வளவு கடினம் என்பதை நினைத்துப் பாருங்கள். தந்தையின் துயரத்தை மட்டும் காட்டினால் காவற்காரன் மறைந்து போவான். கடமையை மட்டும் காட்டினால் பார்ப்பவர் அவனை வெறுத்துவிடுவர். இரண்டையும் ஒரே குரலிலே, அதுவும் சுருதி பிசகாத பாட்டிலே, நள்ளிரவு கடந்த வேளையிலே, பாயில் அமர்ந்திருக்கும் ஆயிரம் பேர் முன்னிலையிலே தாங்க வேண்டும். அதையே வைரமுத்து ஆண்டுதோறும், ஊர்தோறும் செய்தார். ஆயிரக்கணக்கான முறை அவர் இந்நாடகத்தை ஆடினார் என்பர். கதை தெரிந்த கூட்டம், பாட்டு தெரிந்த கூட்டம், அடுத்த அடி என்னவென்று அறிந்த கூட்டம் திரும்பத் திரும்ப வந்தது. முன்னறிந்த துயரத்துக்கு மறுபடியும் ஒருவரை அழ வைப்பது தந்திரத்தால் ஆகும் காரியமன்று. விடிந்ததும் துலா மிதிக்கவும் புகையிலைக் கன்றுக்கு நீர் இறைக்கவும் போக வேண்டியவர்கள் உறக்கத்தைக் கொடுத்து அதை வாங்கினார்கள். உழைப்பவன் தன் உறக்கத்தை வீணுக்குக் கொடுக்க மாட்டான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வடபகுதி இசை நாடகக் கலைஞர்களிற் பலர் சாதியின் பேரால் ஒதுக்கி வைக்கப்பட்ட குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். கோயில் வீதியிலே மன்னனாக நின்றவனுக்குக் கோயிற் கதவு மூடியிருந்த காலம் எமது மண்ணிலே இருந்தது. அத்தகையவன் நந்தனார் வேடம் பூண்டு சிதம்பர தரிசனத்துக்கு ஏங்கிப் பாடுகின்றான். கதவை மூடியவர்கள் முன்வரிசையில் இருந்து உருகுகின்றார்கள். அரிச்சந்திரன் சுடலைக் காவலனானது விதியென்று கண்ணீர் வடித்தவர்கள், சுடலையில் நின்று தமக்குத் தொண்டு செய்தவனை எப்படி நடத்தினார்கள்? கலைஞன் ஒன்றும் கேட்கவில்லை, பாடிவிட்டுப் போனான். கேட்க வேண்டிய கேள்வி பாட்டுக்குள்ளேயே இருந்தது. நாம்தான் இராகத்தைக் கேட்டோம், கேள்வியைக் கேட்கவில்லை.

வைரமுத்து 1989 இல் மறைந்தார். சொர்ணலிங்கம் எழுதி வைத்ததைப் போன்ற ஒரு நூலை இம்மரபினரிற் பெரும்பாலோர் விட்டுச் செல்லவில்லை. எழுதுகோல் பிடித்தவன் வரலாற்றில் நிற்கின்றான். ஆர்மோனியம் பிடித்தவன் கேட்டவர்களோடு மறைகின்றான்.

இவ்விரு மேடைகளும் சந்திக்கவே இல்லையா என்று கேட்பீர்கள். ஒருமுறை மிக அழகாகச் சந்தித்தன; ஆனால் அது கிழக்கிலங்கைக் கூத்தின் வழியாக நிகழ்ந்தது. 1956 இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எதிரிவீர சரச்சந்திரர், அம்பலாங்கொடையிலிருந்து நாடகம குருவான சார்ள்ஸ் சில்வா குணசிங்கவை அழைத்துவந்து, 'மனமே' என்னும் சிங்கள நாடகத்தை அரங்கேற்றினார். அந்த நாடகம மரபுக்கு மூலம் எமது தமிழ்க் கூத்தே என்பதை ஆய்வாளர் ஒப்புவர். இதைக் கண்ட பேராசிரியர் சு. வித்தியானந்தன், பெட்டகத்தில் பொன்னை வைத்துவிட்டு அயலாரிடம் கடன் கேட்பானேன் என்று நினைத்தார் போலும்! மட்டக்களப்புக் கூத்தைத் தேடிச் சென்றார். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் பல்கலைக்கழக மாணவருக்கு ஆட்டமும் தாளக்கட்டும் பழக்கினார். கர்ணன் போர் 1962 இலும், நொண்டி நாடகம் 1963 இலும், இராவணேசன் 1964 இலும் மேடையேறின. வயற்கரையில் பயின்ற ஓர் அண்ணாவியார் முன்னே, பட்டம் பெறப்போகும் பிள்ளைகள் மாணவராய் நின்றனர். எமது மதிப்பிலே, அந்நாடகங்களின் வெற்றியிலும் இந்த நிற்றலே பெரிது.

திரைப்படத்தைப் பற்றியும் ஒரு சொல். மேடையின் பிள்ளைதான் அது. சம்பந்த முதலியாரின் மனோகரா 1954 இலே திரைக்கு வந்தது. சங்கிலியாற் பிணிக்கப்பட்ட அரசகுமாரனாகச் சிவாஜி கணேசன் முழங்கியதை இன்றும் கண்டு மகிழ முடிகின்றது. 1947 இல் வெளிவந்த முதற் சிங்களப் பேசும்படமாகிய கடவுணு பொறொந்துவவும் மேடை நாடகத்திலிருந்து பிறந்ததே. அதை உருவாக்கியவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். கதாநாயகி ருக்மணி தேவியோ, டெய்சி இராசம்மா என்ற இயற்பெயருடைய தமிழ்ப் பெண். 1978 இல் அந்த அம்மையார் வீதி விபத்தில் இறந்தபோது சிங்கள மக்கள் தம் வீட்டுப் பிள்ளையை இழந்தாற்போல அழுதனர். இசைத்தட்டு இருப்பதால் அவருடைய குரல் இன்னும் ஒலிக்கின்றது. மேடையில் மட்டும் நின்றவர்களுக்கு அந்தப் பேறு எளிதிற் கிட்டவில்லை.

ஆகையால் உங்களிடம் நாம் கேட்பது சிலையுமன்று, பொன்னாடையுமன்று. உங்கள் ஊரிலே ஆர்மோனியம் வாசித்தவர் யார்? பெண்வேடம் பூண்டவர் யார்? பக்கப்பாட்டுப் பாடியவர், அரிதாரம் பூசிவிட்டவர், திரை கட்டியவர் யார் யார்? எந்த ஆண்டில், எந்தக் கோயில் வீதியில், எந்தக் கதை ஆடப்பட்டது? எழுபது எண்பது வயது முதியவர்கள் உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கின்றார்கள். கமக்கார அன்பர்கள் அவர்களைப் பேசச் செய்யுங்கள்; படித்த அன்பர்கள் பக்கத்தில் இருந்து எழுதுங்கள். பாடத் தெரிந்தவராயின் பாடச் சொல்லி ஒலிப்பதிவு செய்து கொள்ளுங்கள். பெட்டிக்குள் மங்கிக் கிடக்கும் பழைய நாடகத் துண்டறிக்கை ஒன்று அகப்பட்டாலும் கறையானுக்கு விடாதீர்கள். வருகின்ற மாரிக்கு முன்னே ஓர் ஊருக்கு ஒரு குறிப்பேடாவது நிறைய வேண்டும். அவ்வேடுகளைப் பெற்றுத் தொகுக்க நாம் காத்திருக்கின்றோம்.