பெயர் மந்திரம், வேலை இரசாயனம்

(எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் நடந்த பாராட்டுக் கூட்டத்தில் பேசியது)



இன்று இக்கூட்டம் ஒரு மின் இரசாயன விஞ்ஞானியைப் பாராட்டுவதற்காகக் கூட்டப்பட்டிருக்கிறது. அவர் இங்கு வரவில்லை. 1986 முதல் அமெரிக்காவில் டெக்சாஸ் மாகாணத்து ஆஸ்டின் நகரச் சர்வகலாசாலையில் வேலை பார்த்து வருபவர். நாம் பாராட்டுவது அவருக்குத் தெரியவும் தெரியாது. அதிலும் ஒரு சௌகரியம் உண்டு. எதையோ எதிர்பார்த்துப் புகழுகிறோம் என்று நம்மை ஒருவரும் சொல்ல முடியாதல்லவா?

அவர் பெயர் ஆறுமுகம் மந்திரம். சிரிக்காதீர்கள்! மந்திரம் வேண்டாம் என்று ஊர் ஊராய்ச் சொல்லி வருகிற நாமே மந்திரத்தைப் பாராட்டக் கூட்டம் போட்டுவிட்டோமே என்று நாளைக்கு ஒரு வைதிகர் எழுதினாலும் எழுதுவார். பெயர் பிறர் வைத்தது. வேலை அவர் செய்தது. நமக்கு வேலைதான் கணக்கு.

தோழர்களே! போன ஆயுத பூஜையன்று இந்த வழியாக வந்த ஒரு புதிய பேட்டரி ஆட்டோவைப் பார்த்தேன். சந்தனமென்ன, குங்குமமென்ன, மாலையென்ன! சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். பூசை செய்தவர் தட்சிணை வாங்கிக்கொண்டு போய்விட்டார். “ஐயா, இந்த வண்டி எதனால் ஓடுகிறது?” என்று நான் ஓட்டுகிறவரைக் கேட்டேன். “பேட்டரியால்” என்றார். “அந்தப் பேட்டரியைக் கண்டுபிடித்தவர் யார்?” என்றேன். “அது கம்பெனிக்காரனுக்குத் தெரியும்” என்றார். மாலை வாங்கிய சாமியின் பெயர் மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த எலுமிச்சம்பழத்தை நசுக்காமல் என் கையில் கொடுத்திருந்தால் அதைக்கொண்டே மின்சாரம் எடுத்துக் காட்டியிருப்பேன். நாகம் பூசிய ஆணி ஒன்றையும் செம்புக் கம்பித் துண்டு ஒன்றையும், ஒன்றோடொன்று தொடாமல் பழத்தில் குத்துங்கள். இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய 1 வோல்ட் காட்டும். உடனே பழத்தில் சக்தி இருக்கிறது என்று சொல்லிவிடக் கூடாது. பழத்தின் புளிப்புச் சாறு வெறும் வழிதான். கரைந்து தேய்ந்து சக்தியைக் கொடுப்பது அந்த ஆணியின் மேலுள்ள துத்தநாகம். பேர் பழத்துக்கு, தேய்மானம் துத்தநாகத்துக்கு! பாடுபடுகிறவன் ஒருவன், பேர் வாங்குகிறவன் ஒருவன் என்பது சமூகத்தில் மட்டுந்தான் என்று எண்ணியிருந்தேன். எலுமிச்சம்பழத்திலும் அப்படித்தான் இருக்கிறது.

இது உங்களுக்குப் புதிதான சங்கதியுமல்ல. இரும்பு விசைப்படகுக்கும் கப்பலுக்கும் நீருக்கடியில் துத்தநாகக் கட்டி பொருத்துகிறார்களே, எதற்காக? உப்புத் தண்ணீர் இரும்பைத் தின்னாமல் அந்தக் கட்டியைத் தின்னட்டும் என்பதற்காக. அதுவும் மின் இரசாயனமே. இதற்கென்றே நம் காரைக்குடியில் ஒரு மத்திய ஆராய்ச்சிச்சாலை இருக்கிறது. 1948-ல் அஸ்திவாரம் போட்டு 1953-ல் திறந்தார்கள். அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அந்தப் பணத்தைக் கோபுரத்துக்குக் கொடுத்திருந்தால் கல்வெட்டில் பேர் இருக்கும். இரும்பு துருப்பிடித்துக்கொண்டே இருக்கும்.

மந்திரம் அவர்கள் செய்தது என்ன என்பதைச் சொல்லுகிறேன். இன்று உங்கள் மடியிலுள்ள போன் முதல் ஆட்டோ வரையில் இருப்பது லித்தியம் பேட்டரி. அதற்கு நல்ல நேர்முனைப் பொருள் ஒன்றை 1980-ல் ஆக்ஸ்போர்டில் குடினஃப் என்ற அறிஞரின் கூட்டத்தார் கண்டார்கள். அதில் கோபால்ட் என்ற உலோகம் வேண்டும். அதுவோ விலை அதிகம்; உலகத்துக்கு வேண்டியதில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவில் காங்கோ நாட்டிலிருந்தே வருகிறது. அங்கே சிறு பிள்ளைகளும் அதைத் தோண்டுகிறார்கள் என்பது உலகமறிந்த விஷயம். இரும்பு மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் இரும்பு ஆக்சைடை வைத்தால் 2.5 வோல்ட்டுக்கும் குறைவாகத்தான் வருகிறது. என்ன செய்வது?

1985-ல் குடினஃபிடம் போய்ச் சேர்ந்த மந்திரம், அடுத்த ஆண்டு அவரோடு டெக்சாஸுக்கும் போனார். அங்கே இருவருமாக, வெறும் ஆக்சைடுக்குப் பதில் இரும்பு சல்பேட்டை வைத்துப் பார்த்தார்கள். 3.6 வோல்ட் வந்தது! அதே இரும்புதான். கந்தகம் சேர்ந்தவுடன் எப்படி உயர்ந்தது? கயிறு இழுக்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆக்சிஜன் ஒரு கையால் இரும்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மறு கையைக் கந்தகம் பலமாய் இழுத்தால் இந்தப் பக்கத்துப் பிடி தளருகிறது, வோல்ட் ஏறுகிறது. 1987-லும் 1989-லும் இதை எழுதி வெளியிட்டார்கள். அந்த வழியிலேதான் 1997-ல் அதே ஆராய்ச்சிச்சாலையில் வேறு மாணவர்கள் இரும்புப் பாஸ்பேட்டைக் கண்டார்கள். இன்று மின்சார பஸ்களிலும், சூரிய மின்சாரத்தைச் சேமிக்கும் பெரிய கூடங்களிலும் இருப்பது அதுதான். பிறகும் அவர் ஓயவில்லை. கோபால்ட்டே இல்லாமல் நிக்கலை மிகுதியாகக் கொண்ட பேட்டரிப் பொருளை 2020-ல் தம் மாணவர்களோடு வெளியிட்டார்.

2019-ல் விட்டிங்காம், யோஷினோ ஆகியவர்களோடு குடினஃபுக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். அப்போது குடினஃபுக்கு வயது 97. ஸ்டாக்ஹோமில் அவர் பேசவேண்டிய பரிசுச் சொற்பொழிவை அவருக்காக நிகழ்த்தியவர் மந்திரம். ஒரு குரு தன் சொல்லைச் சொல்லும் பொறுப்பை எவரிடம் ஒப்படைப்பான்? நம் நாட்டுக் கதையில் ஒரு குரு சிஷ்யனிடம் கட்டைவிரலைக் கேட்டான். இந்தக் குரு மேடையைக் கொடுத்தான்.

தோழர்களே! தமிழர் என்பதற்காக மாத்திரம் அவரைப் பாராட்டச் சொன்னால் நான் வந்திருக்க மாட்டேன். அது இரவல் பெருமை. அவர் எந்த ஜாதி என்றும் நான் விசாரிக்கவில்லை. கூட்டத்துக்குச் சொல்லியனுப்பியபோது அதைக் கேட்ட இரண்டு பேருக்கும் அதே பதிலைத்தான் சொன்னேன். நான் விசாரித்தது அவர் படித்த வழியை. தென் தமிழ்நாட்டில் அமராபுரம் என்ற சிற்றூரில் 1951-ல் பிறந்தவர். அவருக்கு இரண்டு வயதாயிருக்கும்போது, 1953-ல், இந்த நாட்டில் என்ன திட்டம் வந்தது? கிராமத்துப் பிள்ளைக்குப் பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் தகப்பன் தொழில் என்ற ராஜாஜியின் திட்டம்! அது நிலைத்திருந்தால் இந்தக் குப்பத்துப் பிள்ளை பாதி நாள் வலை பின்னிக்கொண்டிருக்க வேண்டும். கிளர்ச்சி நடந்தது, 1954-ல் காமராஜர் வந்து அதை எடுத்தார். 1956-ல் பள்ளியில் பகலுணவு வந்தது. 1966-ல் மதுரைக்கு ஒரு சர்வகலாசாலை வந்தது. 1974-லேயே இவர் அதன் பட்டதாரி. 1981-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் டாக்டர் பட்டம். பிறகு மதுரையில் நாலு வருஷம் ஆசிரியர் வேலை. இதில் எந்தப் படி தலையெழுத்தால் வந்தது? பூர்வ ஜன்ம புண்ணியம் எத்தனை வோல்ட்?

சீமையிலும் இப்படித்தான். மின்பகுப்பின் கணக்கைக் கண்ட மைக்கேல் பாரடே கருமான் மகன். புத்தகம் கட்டும் கடையில் வேலை கற்றவன், கட்ட வந்த புத்தகத்தைப் படித்தே விஞ்ஞானியானான்.

“இதெல்லாம் சரி, எண்ணூரிலே ஏன் இந்தப் பாராட்டு?” என்று கேட்கலாம். இங்கேதான் வேண்டும். 1970 முதல் 2017 வரையில் எண்ணூர் அனல் நிலையம் எரித்த நிலக்கரியின் புகை யார் கூரையில் விழுந்தது? இந்தப் பக்கத்து நிலக்கரிச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்து, இறால் தடவிப் பிழைத்த கைகளில் சேறும் சாம்பலும் வருகிறதா இல்லையா? பட்டணத்தில் பேட்டரிக் கார் புகையில்லாமல் ஓடுகிறது என்கிறார்கள். அதற்கு ஏற்றும் மின்சாரம் நிலக்கரியில் பிறந்ததானால் புகை இல்லாமல் போகவில்லை, நம்மிடம் வந்திருக்கிறது! வெயிலையும் காற்றையும் கொண்டு ராத்திரிக்கும் விளக்கெரிக்க வேண்டுமானால், பகலில் வருகிற மின்சாரத்தை மலிவாகச் சேர்த்துவைக்கப் பாத்திரம் வேண்டும். மந்திரம் போன்றவர்கள் 40 வருஷமாகச் செய்து வருவது அந்தப் பாத்திரம். பாத்திரம் வந்தால் சாம்பல் தானாக நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. அதற்கு நீங்கள் கேட்க வேண்டும், போராட வேண்டும். ஆனால் “வேறு வழியில்லை, நிலக்கரிதான்” என்று அதிகாரிகள் இனிமேல் சொல்ல முடியாது.

நேரமாகிவிட்டது. இந்த மேஜையில் 4 எலுமிச்சம்பழம், ஆணி, செம்புக் கம்பி எல்லாம் வைத்திருக்கிறேன். நாலையும் வரிசையாய்ச் சேர்த்தால் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மங்கலாக எரியும். பெரியவர்கள் கொஞ்சம் விலகி வழி விடுங்கள். பிள்ளைகள் மேலே வரட்டும். பெண் குழந்தைகள் முதலில்.