பெயரைத் தேடும் பரிகாரம்



நவம்பர் மாதம் வந்தால் நாம் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறோம். புல்லைச் செதுக்கி, சிலுவைக்கு வெள்ளையடித்து, மெழுகுதிரி ஏற்றி, இறந்தோரைப் பெயர் சொல்லி மன்றாடுகிறோம். தாத்தாவின் பெயர் நமக்குத் தெரியும். அவருடைய தாத்தாவின் பெயர்? பெரும்பாலும் அங்கே நம் நினைவு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் அறிய வேண்டுமானால் பங்கு அலுவலகத்தின் திருமுழுக்குப் பதிவேட்டைத்தான் திறக்க வேண்டும்.

அப்படிப் பதிவேடுகளைத் திறந்ததால் வெளியே வந்த ஓர் உண்மையை இன்று சிந்திப்போம். அது அமெரிக்காவில் நடந்தது. மேரிலாந்து மாநிலத்தில் இயேசு சபைக்குச் சொந்தமான பண்ணைகளில் கறுப்பின அடிமைகள் உழைத்தார்கள். அவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்தவர்களும் அதே குருக்கள்தான். சபை நடத்திய ஜார்ஜ்டவுன் கல்லூரி கடனில் தத்தளித்தது. 1838-ஆம் ஆண்டு, 272 பேரை 1,15,000 டாலருக்கு லூசியானாவின் தோட்ட முதலாளிகளுக்கு விற்க ஒப்பந்தம் எழுதினார்கள். குடும்பங்களைப் பிரிக்கக் கூடாது, அவர்களுடைய விசுவாச வாழ்வுக்குத் தடை வரக் கூடாது, பணத்தைக் கொண்டு கடனை அடைக்கக் கூடாது என்று உரோமையிலிருந்து சபைத் தலைவர் விதித்த நிபந்தனைகள் காற்றில் பறந்தன. விற்றவர்கள் குருக்கள். இதைச் சொல்லும் நாங்களும் குருக்கள். ஆகவே தலைகுனிந்துதான் சொல்கிறோம்.

2015-இல் அக்கல்லூரியின் முன்னாள் மாணவர் ஒருவர், "அந்த மக்கள் என்ன ஆனார்கள்?" என்று கேட்டார். போன இடத்தில் காய்ச்சல் கண்டு எல்லாரும் இறந்துவிட்டார்கள் என்று பதில் வந்தது. அவர் நம்பவில்லை. ஒருவர்கூடவா பிழைத்திருக்க மாட்டார்? குடும்ப வரலாறு ஆராய்பவர்களை அமர்த்தித் தேடத் தொடங்கினார்.

தேடல் எளிதாக இல்லை. 1850, 1860 ஆண்டுகளின் அமெரிக்கக் கணக்கெடுப்பில் அடிமைகளின் வயதும் பாலினமும் உண்டு, பெயர் இல்லை. விடுதலைக்குப் பிறகு, 1870-இல்தான் அவர்கள் எல்லாரும் பெயரோடு எழுதப்பட்டார்கள். இடையில் முப்பது ஆண்டு இருட்டு. அந்த இருட்டில் வழிகாட்டியவற்றில் விற்பனைப் பத்திரங்கள் உண்டு; லூசியானாவின் கத்தோலிக்கப் பங்குகளின் பதிவேடுகளும் உண்டு. தங்களை விற்ற திருச்சபையை அந்த மக்களில் பலர் விட்டுவிடவில்லை. பிள்ளைகளைத் திருமுழுக்குக்குக் கொண்டுவந்தார்கள். ஏறக்குறைய 13 வயதில் விற்கப்பட்ட கொர்னேலியஸ் ஹாக்கின்சின் கல்லறை, மாரிங்குவின் என்ற சிற்றூரின் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் கிடைத்தது. அவர் வழிவந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். இப்படி ஆயிரக்கணக்கான வழித்தோன்றல்களின் பெயர்கள் தெரியவந்தன.

2017 ஏப்ரல் 18 அன்று அந்த வழித்தோன்றல்களின் முன்னிலையில் ஜார்ஜ்டவுனும் இயேசு சபையும் மன்னிப்புக் கேட்டன. விற்பனையை நடத்திய குருவின் பெயர் தாங்கியிருந்த கட்டடத்துக்கு, விற்பனைப் பட்டியலின் முதல் பெயரான ஐசக் ஹாக்கின்சின் பெயர் சூட்டப்பட்டது. 2021-இல், வழித்தோன்றல்களோடு சேர்ந்து அமைத்த அறக்கட்டளைக்குப் பத்துக் கோடி டாலர் திரட்டித் தருவதாக இயேசு சபையினர் உறுதியளித்தார்கள். இது போதாது என்று சொல்லும் வழித்தோன்றல்களும் உண்டு. அதைச் சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு.

அன்பர்களே, "எல்லாரும் இறந்துவிட்டார்கள்" என்ற அந்தப் பதிலைக் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம். எவ்வளவு வசதியான பதில்! இறந்தவர்களுக்குச் செபம் சொன்னால் போதும். உயிரோடு இருப்பவர்களுக்கோ கணக்குச் சொல்ல வேண்டும். ஒப்புரவு அருட்சாதனத்தில் மனத்துயரும் பாவ அறிக்கையும் மட்டுமல்ல, பரிகாரமும் உண்டு என்று சிறுவயதிலேயே படித்தோம். சக்கேயு நான்கு மடங்கு திருப்பிக் கொடுக்க முன்வந்தார். யாரிடம் ஏமாற்றினோம் என்று தெரியாமல் யாருக்குத் திருப்பிக் கொடுப்பது? பரிகாரத்துக்கு ஒரு பெயர் வேண்டும், ஒரு வீட்டு வாசல் வேண்டும்.

நம் பக்கம் திரும்புவோம். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரிடம் கைநாட்டு வாங்கி நம் முன்னோர் சேர்த்த நிலம் உண்டா? சாதியின் பெயரால் கல்லறைத் தோட்டத்தின் நடுவே எழுப்பிய சுவர் உண்டா? "அது அந்தக் காலத்துக் கதை, சாமி" என்கிறோம். அந்தக் காலத்து மனிதர்கள் போய்விட்டார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் நம்மோடு ஒரே பீடத்தில் நற்கருணை வாங்குகிறார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சியாளர் தேவையில்லை. அடுத்த தெருவுக்கு நடந்தால் போதும்.

இந்த மாதம் மெழுகுதிரி ஏற்றும் முன்பு, நம் குடும்பம் பட்ட கடன் ஒன்றையாவது வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டறிவோம். அந்த வீட்டு வாசலுக்குப் போவோம். நம் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கும் ஆண்டவர், அதற்கான துணிவை நமக்குத் தருவாராக. ஆமென்.