பழத்துக்குப் புகையூட்டலாமா?



எங்கள் தோட்டத்து லயத்தில் ஓர் அன்பர் மாம்பழங்களைப் பெட்டியில் பழுக்க வைத்திருந்தார். திறந்து பார்த்தால் புழு! அரிசி மூட்டைகளுக்கு வைக்கும் பூச்சி மாத்திரைகள் சில அவரிடம் இருந்தன. "அரிசிப் பூச்சியைக் கொல்லும் மருந்து பழப்புழுவைக் கொல்லாதா, ஐயா?" என்று எங்களிடம் கேட்டார். நல்ல வேளை, போடுவதற்கு முன்பே கேட்டார். அவருக்குச் சொன்னதையே இன்று உங்களுக்கும் சொல்கிறோம்.

பழ ஈ, காயின் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடுகிறது. மேலே தூவும் மருந்து அந்தப் புழுவை எட்டாது. அதனால்தான் வெளிநாட்டுக்கு அனுப்பும் பழங்களை மூடிய அறையில் வைத்து, மீதைல் புரோமைடு என்னும் வாயுவைச் செலுத்தும் முறை வந்தது. பல பழங்களுக்கு ஒரு கன மீட்டர் இடத்துக்கு 32 கிராம் வீதம் 2 மணி நேரம் என்பது வழக்கமான அளவு. பிறகு நன்றாகக் காற்றோட்டம் விடவேண்டும்.

ஆனால் பழம் காய்ந்த அரிசியைப் போன்றதன்று. பறித்த பின்னும் அது மூச்சு விடுகிறது. வாயு மிகுந்தாலோ, நேரம் நீண்டாலோ, புழுவோடு பழமும் துன்பப்படும். தோல் கறுக்கும், சதை சீக்கிரம் குழையும், சில பழங்கள் சீராகப் பழுக்காமல் சுவை கெடும். வாயு குறைந்தாலோ, புழு பிழைத்துக்கொள்ளும். ஆகவே இது பயிற்சி பெற்றவர் மட்டுமே செய்யவேண்டிய வேலை.

மீதைல் புரோமைடு ஓசோன் படலத்தையும் அரிக்கிறது. ஆகவே 1987-இல் உருவான மாண்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ், வளர்ந்த நாடுகள் 2005-க்குள்ளும் வளரும் நாடுகள் 2015-க்குள்ளும் அதைக் கைவிட ஒப்புக்கொண்டன. ஏற்றுமதிச் சரக்கின் பூச்சித் தடுப்புக்கு விலக்கு உண்டு. இப்போது சூடான நீராவியும் வெந்நீரும் அதன் இடத்தைப் பிடித்து வருகின்றன. இந்திய மாம்பழங்களை ஜப்பான் 2006-இல் மீண்டும் ஏற்றுக்கொண்டது, நீராவி முறையால்தான். அதிலும் சூடு மிஞ்சினால் பழம் வெந்துவிடும்.

சரி, அந்த மாத்திரைக்கு வருவோம். அது அலுமினியம் பாஸ்பைடு. காற்றின் ஈரம் பட்டாலே பாஸ்பீன் என்னும் கொடிய வாயு எழும். இதற்கு மாற்று மருந்து இல்லை. பழுத்த பழத்தில் ஈரத்துக்குக் குறைவில்லை. லயத்து வீட்டிலோ அறை சிறியது, பிள்ளைகள் பக்கத்திலேயே படுத்துறங்குவார்கள். பழம் கெடுவது இருக்கட்டும், உயிரே போய்விடும். மாத்திரை உங்களிடம் இருந்தால் தண்ணீர் படாமல் ஸ்டோரில் ஒப்படைத்துவிடுங்கள். சாக்கடையில் போடாதீர்கள்.

பின் புழுவுக்கு என்னதான் வழி? பெலிம்பிங் என்னும் நட்சத்திரப் பழத்தைப் பயிரிடுவோர் செய்வதைப் பாருங்கள். பிஞ்சாக இருக்கும்போதே காகிதப் பை மாட்டிக் கட்டிவிடுகிறார்கள். ஈ அண்ட முடியாது. கொல்லையில் உள்ள கொய்யாவுக்கும் மாவுக்கும் நாமும் அப்படிச் செய்யலாம். பழைய செய்தித்தாளே போதும். விழுந்த பழங்களை அன்றன்றே பொறுக்கி, முழங்கால் ஆழக் குழியில் புதைத்து மண்ணை மூடுங்கள். அடுத்த தலைமுறை ஈக்கள் அங்கேயே அடங்கிவிடும்.

உள்ளே போன புழுவை விரட்டுவதைவிட, வராமல் தடுப்பது எளிது. நம் பிள்ளைகள் நல்ல பழம் உண்ண அதுவே வழி.