மாட்டுக்கு வயிறு ஊதினால்
(தோட்டத்தில் மாடு வளர்ப்போருக்கான கூட்டத்தில் ஆற்றிய உரை)



லயத்துல ஒரு கறவை மாடு நிக்குதுன்னா அது அந்த வீட்டுக்கு இன்னொரு சம்பளம். வேலை குறைஞ்ச மாசத்துல கடைக் கடனைக் கட்டுறது பால் காசுதான். அந்த மாடு சாயங்காலம் நல்லா மேய்ஞ்சு வந்து, விடியறதுக்குள்ள செத்துக் கிடக்கும். "கண்ணு பட்டுருச்சு", "பாம்பு தீண்டிருச்சு" என்பார்கள். ஆனால் வயிற்று உப்புசமும் இப்படித்தான் கொல்லும்.

மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள். பெரிய அறை இடது பக்கம் இருக்கிறது. தின்ற புல் அங்கே புளித்துக் காற்று உண்டாகும். அதை மாடு ஏப்பமாக விட்டுக்கொண்டே இருக்கும். ஏப்பம் நின்றால் வயிறு ஊதி, நெஞ்சை அமுக்கி, மூச்சு முட்டும். ஓரிரு மணி நேரத்திலேயே உயிர் போகலாம்.

மாட்டின் பின்னால் நின்று பாருங்கள். இடது விலாவுக்குப் பின்னால், வழக்கமாகக் குழி விழுந்திருக்கும் இடம் மேடாகியிருக்கும். தட்டினால் தப்பு அடித்த மாதிரிச் சத்தம். அசை போடாது, வயிற்றை உதைக்கும், படுத்துப் படுத்து எழும்பும். நாக்கைத் தள்ளி வாயால் மூச்சு வாங்கினால் நேரம் மிகக் குறைவு.

ஒருவர் உடனே மிருக வைத்தியருக்குச் சொல்லட்டும். மற்றவர்கள் மாட்டின் முன்னங்கால்கள் மேட்டில் இருக்கும்படி நிறுத்துங்கள். நம்ம மலையில மேட்டுக்கா பஞ்சம்? வாயில் குறுக்காக ஒரு வழவழப்பான கம்பை வைத்துக் கட்டினால், அதை மென்று எச்சில் ஊறி ஏப்பம் வரும். தேங்காய் எண்ணெய் அரைப் போத்தல் கொடுக்கலாம். வயிற்றுக்குள் கட்டிய நுரையை அது உடைக்கும். நுவரெலியாக் குளிரில் எண்ணெய் உறைந்திருக்கும், வெதுவெதுப்பாக உருக்கிக்கொள்ளுங்கள். தலையை அண்ணாத்தி, நாக்கைப் பிடித்து ஊற்றக் கூடாது. கன்னத்தோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடணும். நுரையீரலுக்குள் போனால் அதுவே எமன். படுத்துவிட்ட மாட்டுக்கும் ஊற்றாதீர்கள்.

எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல் தவித்தால் தொண்டையில் கிழங்கு சிக்கியிருக்கலாம். அப்போது எண்ணெயே வேண்டாம், குச்சியால் தள்ளவும் வேண்டாம். சிலர் வீராப்பாகக் கத்தியால் விலாவில் குத்துவார்கள். அது வைத்தியரின் வேலை. அதற்கென்று அவரிடம் கருவி இருக்கிறது.

வராமல் தடுப்பதுதான் லேசு. மரக்கறித் தோட்டத்தில் கழித்துப் போடும் உருளைக்கிழங்கு, பீட்ரூட், கரட்டை முழுசாகப் போடாமல் நறுக்கிப் போடுங்கள். மழைக்குப் பின் தளதளன்னு வளர்ந்த இளம்புல்லில், பசித்த மாட்டை அவிழ்த்து விடாதீர்கள். முதலில் முற்றிய கினியாப் புல்லைக் கொஞ்சம் கொடுத்து விடுங்கள். அறுத்து வந்த ஈரப்புல்லைச் சில மணி நேரம் வாட விடுங்கள். கலியாண வீட்டு மிச்சச் சோற்றைப் பாவம் பார்த்து வாளி வாளியாக வைக்காதீர்கள். வயிறு புளித்து, உப்புசம் இல்லாமலே மாடு சாகும். தீவனம் மாற்றுவதானால் ஒரு வாரம், பத்து நாளில் சிறுகச் சிறுக மாற்றுங்கள்.